பிரிக்காத பொட்டலம்

பேச்சியம்மன் துணை

சமயநல்லூர்
10-6-2025

அன்புத் தங்கை தமிழ்ச்செல்விக்கு அண்ணன் செல்வக்குமார் எழுதுவது.

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. என் மகள் சத்யப்ரியா ஓசூரில் உன் வீட்டில்தான் இருக்கிறாள் என்று அவளைப் பஸ் ஏற்றிவிட்ட சிநேகிதி சொல்லித் தெரிந்துகொண்டேன். பெற்றவனுக்குத் தகவல் வரும் வழியைப் பார். போன் அடித்தால் நீயும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டீர்கள் என்று உன் அண்ணி சொல்கிறாள். அதனால்தான் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தபாலாபீஸ் படி ஏறி இதை அனுப்புகிறேன்.

அவள் உன்னிடம் எப்படிச் சொன்னாளோ, நான் சொல்வதையும் கேள். பெங்களூரில் பி.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்திருக்கிறது, போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நம் வீட்டில் ஆத்தாவைக் கேட்காமல் எந்தக் காரியம் செய்திருக்கிறோம்? போன வெள்ளிக்கிழமை பங்காளிகள் நாற்பது பேர் முன்னால் பூக்கட்டிப் போட்டேன். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் போக வேண்டாம். சின்னப் பிள்ளை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பிரித்தேன், சிவப்பு அரளி. அதோடு பேச்சு முடிந்தது அல்லவா? எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமலேயே கிணற்றில் போட வேண்டும் என்பது உனக்கும் தெரியும். இவள் என்ன செய்தாள் தெரியுமா? எட்டிக் கை நீட்டி அந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்து, அத்தனை பேர் முன்னால் பிரித்துவிட்டாள். அதிலும் சிவப்பாக இருந்தது.

“என்னப்பா, ஆத்தா ரெண்டு தடவ வேண்டாம்னுட்டாளோ?” என்று கேட்டுச் சிரித்தாள். நான் இருபத்திரண்டு வருடமாகப் பூசை செய்கிற இடத்தில் நின்றுகொண்டு சிரித்தாள். கட்டுகிற அவசரத்தில் கை தவறியிருக்கும். அதற்காகச் சாமி பொய்யாகிவிடுமா?

இந்தக் காலத்துப் பிள்ளைகளை நினைத்தாலே பயமாக இருக்கிறது. போன வருடத் திருவிழாவில் சாமி தூக்க ஆள் போதாமல் டவுனில் இருந்து மாப்பிள்ளைகளைக் கெஞ்சிக் கூப்பிட்டோம். வந்தவன்களும் செல்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான்கள். என் மகளாவது பக்தியாக இருக்கிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னால் கேட்பாள். அவளை அனுப்பி வை. ஆத்தா முன்னால் விழுந்து ஒரு தடவை மன்னிப்புக் கேட்டால் போதும். அவளுடைய மார்க் ஷீட், டி.சி. எல்லாவற்றையும் சாமி பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். பெட்டி ஆடி மூன்றாம் வெள்ளிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்னால் திறக்க எனக்கே அதிகாரம் இல்லை.

இப்படிக்கு,
செல்வக்குமார்


ஓசூர்
15-6-2025

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. கல்லூரியில் ஒரிஜினல் சர்டிபிகேட் கொடுக்கக் கடைசி நாள் ஜூலை நான்கு. சாமி பெட்டி திறப்பது ஆகஸ்டு ஒன்று. கணக்குப் போட்டுத்தான் பூட்டியிருக்கிறாய். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்?

கை தவறியதாக எழுதியிருக்கிறாய். கோவிலுக்குப் பின்னால் நந்தியாவட்டைச் செடி இருக்கிறதே, அன்று காலையில் குளித்துவிட்டு அதைத் தாண்டித்தான் சத்யா வந்திருக்கிறாள். செடி முழுக்கப் பூ, ஒன்றுகூடப் பறிக்கவில்லை. வெள்ளைப் பூவே பறிக்காமல் வெள்ளைப் பூப் பொட்டலம் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டேதான் அவள் சன்னதியில் நின்றாளாம். சிரித்தாள் என்கிறாய். இங்கே வந்து மூன்று நாள் சாப்பிடாமல் அழுதவள் அவள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று பெற்றவனுக்குத் தெரியவில்லை.

அதை விடு. நான் இப்போது என்னைப் பற்றிக் கேட்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆனி மாதம். எனக்கு ஹைதராபாத்தில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்கு இடம் வந்தது. ஊரில் அதுவரை எந்தப் பெண்ணுக்கும் வராத இடம். போகட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன், அவர் யோசித்தார். நான்தான் “ஆத்தாவக் கேட்டுருவோம்ப்பா, அவ சொல்றபடி நடப்போம்” என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அவ்வளவு நம்பிக்கை. கிணற்றடியில் குளித்து ஈரச் சேலையோடு நின்றேன். வெள்ளை வரும் என்று நினைத்துத் துணிமணிகூட எடுத்து வைத்திருந்தேன். சிவப்பு வந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது.

நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை அண்ணே. ஆத்தா வேண்டாம் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். ஆவணியில் அண்ணி வீட்டில் பெண் எடுத்துப் பெண் கொடுத்தோம். ஒரே பந்தலில் உனக்கு அண்ணி, எனக்கு அண்ணியின் தம்பி அழகுபாண்டி. அவனோடு ஆறு வருடம். அவனுக்குத் திருப்பூரில் ஒரு குடும்பம் இருப்பது தெரிந்த அன்றும் நான் ஆத்தாவைத் திட்டவில்லை. அவள் சொல்லித்தானே ஊரில் இருந்தேன், இனி அவளே வழி காட்டுவாள் என்றுதான் பி.எட். படித்தேன், இந்த ஊருக்கு வந்தேன், பள்ளிக்கூட வேலையில் சேர்ந்தேன். இருபது வருடமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் அவளுக்கு விளக்கேற்றுகிறேன்.

அன்றைக்கும் இன்னொரு பொட்டலம் இருந்தது. அதைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டது நீதான்.

அதில் என்ன பூ இருந்தது? அப்பா என்ன வைக்கச் சொன்னார்? சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

தமிழ்ச்செல்வி


பேச்சியம்மன் துணை

சமயநல்லூர்
20-6-2025

அன்புத் தங்கைக்கு,

பழைய கதையை எதற்குக் கிளறுகிறாய்? செத்துப் போனவரை இழுத்து வந்து கூண்டில் நிற்க வைக்கிறாய். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் இருந்தபோது நீ இதைக் கேட்டிருக்கலாம்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். அதிலும் சிவப்புதான். அந்தக் காலத்தில் வீட்டில் அப்பா வைத்ததுதான் சட்டம். அவர் சொன்னார், நான் கட்டினேன். அவருக்கும் பெண்பிள்ளையை அத்தனை தூரம் அனுப்பப் பயம் இருந்திருக்கும், அதைத் தப்பு என்று சொல்ல முடியுமா? பிள்ளைக்கு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதில்லையா? “அப்பா வேண்டாங்குறேன்” என்றால் நீ முறுக்கிக்கொண்டு போயிருப்பாய். ஆத்தா சொன்னதால் மனசு நோகாமல் ஏற்றுக்கொண்டாய். ஒரு வகையில் அது உனக்கு நல்லதுதான் செய்தது.

நான் மட்டும்தான் இப்படிச் செய்தேன் என்று நினைக்காதே. எத்தனை கோவிலில் எத்தனை பொட்டலம் இப்படிப் போயிருக்கும். கலியாணம் நிற்காமல் இருக்கவும், அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளாமல் இருக்கவும் பெரியவர்கள் ஒரு முடிவு எடுப்பார்கள், அதை ஆத்தா வாயால் சொல்ல வைப்பார்கள். சனங்களும் கேட்டு நடந்தார்கள், குடும்பங்களும் பிழைத்தன.

சத்யா விஷயத்தில் என் பயத்தையும் நீ நினைத்துப் பார். ஒற்றைப் பிள்ளை. நீ அங்கே தனியாகக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பயமே வந்தது. அவள் வந்து விழுந்து கும்பிடட்டும், அடுத்த வருடம் மதுரையிலேயே ஏதாவது காலேஜில் சேர்த்துவிடுகிறேன். நாகமலைப் பக்கம் இல்லாத படிப்பா? பெட்டியைத் திறக்கச் சொல்லி மட்டும் கேட்காதே. அது என் கையில் இல்லை.

செல்வக்குமார்


ஓசூர்
24-6-2025

அண்ணனுக்கு,

பெட்டி உன் கையில் இல்லை, பொட்டலம் மட்டும் உன் கையில் இருந்ததோ?

மருந்து, தேன் என்று எழுதியிருந்ததைப் படித்தபோது கடிதத்தைக் கிழித்துப் போடத் தோன்றியது. நான் தனியாகக் கிடப்பதைப் பார்த்துப் பயம் வந்ததாம். தனியாகக் கிடக்க வைத்ததே அந்தப் பொட்டலம்தானே? அப்பா தன் வாயால் “போகாத தாயி” என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்திருப்பேன். ஜெயித்திருப்பேன், இல்லை தோற்றிருப்பேன். அந்தச் சண்டையைப் போடுகிற உரிமையையே எனக்கு இல்லாமல் செய்துவிட்டீர்கள். சாமியோடு யார் சண்டை போட முடியும்?

என்னை அப்பா ஏமாற்றமாட்டார் என்று நினைத்திருந்தேன். படிக்கிற காலத்தில் சைக்கிளில் உட்கார வைத்துத் தினமும் பஸ் ஸ்டாப்பில் கொண்டுவந்து விட்டவர். அந்த மனிதர் இப்படிச் செய்திருக்கிறார் என்று நீ எழுதிய பிறகு அவர் படத்தைப் பார்க்க முடியவில்லை. நேற்றுக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் வைத்துவிட்டேன். இந்த வருடம் அவர் திதிக்கு என்னை எதிர்பார்க்காதே. நான் அவருக்கு இனி எதுவும் செய்வதாக இல்லை.

நான் பரண்மேல் வைக்கும்போது சத்யாதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அத்த, தாத்தா அப்படிச் செய்யிற ஆளாத் தெரியலையே” என்றாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் உன் கையெழுத்தில் வந்திருக்கிறதே.

உனக்கு ஒரு வழி இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பங்காளிகள் வருவார்கள். அவர்கள் முன்னால் நின்று, இரண்டு தடவையும் இரண்டு பொட்டலத்திலும் சிவப்புத்தான் வைத்தேன் என்று உன் வாயால் சொல். அங்கேயே பெட்டியைத் திறந்து சர்டிபிகேட்டை எடுத்து அனுப்பு. மன்னிப்பு யார் யாரிடம் கேட்பது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

தமிழ்ச்செல்வி


சமயநல்லூர்
28-6-2025

தமிழு,

இன்றைக்கு ஸ்பீட் போஸ்டில் சத்யாவின் சர்டிபிகேட் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அதோடுதான் வைத்திருக்கிறேன். முதலில் அப்பாவின் படத்தை எடுத்து மாட்டு. அதன் பிறகு மற்றதைப் படி.

அப்பா சிவப்பு வைக்கச் சொல்லவில்லை.

நீ ஈரச் சேலையோடு நின்றாயே, அதற்கு முதல் நாள் மத்தியானம் மோட்டார் அறையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ரெண்டுலயுமே வெள்ளைய வச்சுக் கட்டிருடா. புள்ள இம்புட்டு ஆசப்படுது, போயிட்டு வரட்டும். ஆத்தா கோவிச்சா என்னையக் கோவிக்கட்டும்” என்றார். சரிப்பா என்று தலையாட்டினேன்.

அதே வாரம் உன் அண்ணி வீட்டில் இருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெண் கொடுத்தால்தான் பெண், தமிழ்ச்செல்வி படிக்கப் போனால் எங்கள் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவோம் என்று. நான் இரண்டு வருடமாக அவள் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தேன், உனக்கே தெரியும். எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. விடிந்ததும் அரளிச் செடிக்கிட்டே போனேன். இரண்டிலும் சிவப்பைக் கட்டினேன்.

பொட்டலத்தைப் பிரித்ததும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து என்ன சொல்வார்? சொன்னால் அவர் வெள்ளை வைக்கச் சொன்னதும் வெளியே வரும். அதனால்தான் தலையைக் குனிந்தார். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் ஒரு வார்த்தைதான் பேசினார். “உனக்குப் பொண்டாட்டி வந்துருவாடா” என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை என் கையால் திருநீறு வாங்கவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக் கோவில் படி ஏறாமலே இருந்தார் அல்லவா, அவருக்கு முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

போன கடிதத்தில் பழியை அவர்மேல் போட்டேன். செத்தவர் வந்து கேட்கவா போகிறார் என்று நினைத்தேன். நீ படத்தைக் கழற்றிவிட்டாய் என்று படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்றைக்கு வெள்ளிக்கிழமை. நீ சொன்னபடி எல்லோர் முன்னாலும் நின்று சொன்னேன். உன் பொட்டலம், சத்யா பொட்டலம், அப்பா சொன்னது, நான் செய்தது, ஒன்று விடவில்லை. கல்லெடுத்து அடிப்பார்கள், பூசையைப் பிடுங்குவார்கள் என்று உன் அண்ணி பயந்து வாசலிலேயே நின்றாள். அப்படி எதுவும் நடக்கவில்லை தமிழு. அழகுமலைப் பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “எந்தக் காலத்துலடா இது இல்ல? இதப் போயி நடுச் சபையில சொல்லிக்கிட்டு” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். என்னை மன்னித்ததுபோலக்கூட இல்லை, மன்னிக்க அதில் என்ன இருக்கிறது என்பதுபோல.

பிறகு நான் பெட்டியின் பூட்டைத் திறந்தேன். அப்போதுதான் எல்லோரும் எழுந்தார்கள். ஆடிக்கு முன்னால் பெட்டி திறப்பதா, ஊர் தாங்குமா, மழை நின்றுவிடும் என்று ஆளாளுக்குச் சண்டைக்கு வந்தார்கள். என் சட்டையைக்கூடப் பிடித்துவிட்டார்கள். மூன்று வெள்ளி கூழ் ஊற்றிப் பரிகாரம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பூசையையும் நானே பார்க்க வேண்டுமாம், கை மாற்றினால் சாமி குத்தமாம்.

கடைசியில் பெரியப்பா ஒரு முடிவு சொன்னார். இனிமேல் எடுக்காத பொட்டலத்தைக் கிணற்றில் போட வேண்டாம், அப்பொழுதே கற்பூரத்தில் கொளுத்திவிட வேண்டும், பிள்ளைகள் எடுத்துப் பிரித்துவிடுகிறார்கள் என்று. எல்லோரும் சரி என்றார்கள். நானும் அங்கேதான் நின்றேன்.

அங்கே சின்ன வயசுப் பிள்ளைகள் நாலைந்து பேர் நின்றார்கள். பெரியப்பா பேசி முடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் கோபமாகப் போகவில்லை. அவர்களில் ஒருத்தராவது இனி கோவிலுக்கு வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

சத்யாவை விழுந்து கும்பிடச் சொல்லி இனிக் கேட்க மாட்டேன். நீ மட்டும் திருவிழாவுக்கு ஒரு தடவை வா. என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போ.

உன் அண்ணன்


ஓசூர்
20-7-2025

அண்ணனுக்கு,

சர்டிபிகேட் இரண்டாம் தேதி வந்தது. நான்காம் தேதி சத்யா சேர்ந்துவிட்டாள். இங்கிருந்தே தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். அவளுக்கு உன்மேல் கோபம் தீரவில்லை. ஆனால் சனிக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்யும்போது பக்கத்தில் உன் குரல் கேட்கிறதா என்று கவனிக்கிறாள், அதையும் பார்த்தேன்.

பதில் எழுத இருபது நாள் ஆகிவிட்டது. பலமுறை உட்கார்ந்தேன். திட்டி எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டேன். உனக்குப் பெண் வேண்டும் என்று என்னிடம் கேட்டிருக்கலாம். அண்ணனுக்காக ஒரு படிப்பை விட்டுக்கொடுத்திருப்பேனோ என்னவோ, இன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ கேட்கவே இல்லை.

அப்பா படத்தை மறுபடியும் மாட்டினேன். அவர் எனக்காக நினைத்தார் என்று தெரிந்ததும் அழுதேன். அழுது முடித்த பிறகு வேறொன்று தோன்றியது. அவரும் இரண்டிலும் ஒரே பூவை வைத்துத்தானே கட்டச் சொன்னார்? அவர் சொன்னபடி நீ வெள்ளை வைத்திருந்தால், ஆத்தா அனுப்பினாள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு நான் ஹைதராபாத் போயிருப்பேன். சாகும்வரை தெரிந்திருக்காது. என்மேல் பாசம் வைத்தவரும் என்னை ஏமாற்றத்தான் நினைத்தார். அவ்வளவு பேர் கூடியிருந்த அந்தக் கோவிலில் அன்றைக்கு ஆத்தாவை உண்மையாகவே கேட்டது நான் ஒருத்திதான்.

திருவிழாவுக்கு வரமாட்டேன். பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று முதல் கடிதத்தில் புலம்பியிருந்தாயே, வண்டியைக் கிளப்பிப் போன அந்த நாலைந்து பேரைப் போய்க் கேள். நாற்பது வயதில் எனக்கு உறைத்தது அவர்களுக்கு இப்போதே உறைத்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். சத்யாவுக்குக் காய்ச்சல். மத்தியானம் பள்ளியில் இருந்து வந்து பார்த்தால் உடம்பு நூற்று மூன்று. பிள்ளை என்னென்னவோ பிதற்றுகிறாள். ஆட்டோ வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். என் கை தானாகத் திருநீற்றுச் சம்புடத்தைத் திறந்துவிட்டது. “ஆத்தா” என்று வாய்வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை. விரலில் திருநீற்றை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். சத்யா கண்ணைத் திறந்து, “பூசி விடுங்க அத்த, பரவால்ல” என்றாள். நம்பிச் சொல்லவில்லை, என் முகம் போன போக்கைப் பார்த்து எனக்காகச் சொன்னாள். நான் பூசவில்லை. விரலைத் துடைத்துவிட்டு ஈரத்துணி எடுத்து வந்தேன்.

இப்போது அவளுக்குத் தேவலை. ஏதோ வைரஸ் காய்ச்சல், ஊசி போட்டார்கள், நேற்றில் இருந்து காலேஜ் போகிறாள்.

ஆனால் அந்த இருபது நிமிடம் எனக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை அண்ணே. அழகுபாண்டி வீட்டை விட்டு ஒரு பையோடு வந்த அன்றுகூட நான் அப்படி நிற்கவில்லை. ஹைதராபாத் போனது போகட்டும். ஆறு வருடம் போனதும் போகட்டும். ஒரு கஷ்டம் என்றால் கூப்பிட எனக்கு ஒருத்தி இருந்தாள். அவளையும் நீ எடுத்துக்கொண்டாய்.

தமிழ்ச்செல்வி